இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை: இதய நலனுக்காகச் சைக்கிள் ஓடி நிதி சேர்ப்பது எப்படி

வழமையாக யூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தென் இலண்டனில் உள்ள கிளாப்பம் கொமன் திடலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் புறப்பட்டு, 54 மைல், அதாவது ஏறத்தாழ 87 கிலோமீற்றர் ஓடி, பிரைட்டன் கடற்கரையில் உள்ள மடீரா டிரைவை அடைகிறார்கள். 1976இல் சிறு குழுவாகத் தொடங்கிய இந்த ஓட்டம் 1980 முதல் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்காக நிதி திரட்டி வருகிறது. 1961இல் தொடங்கப்பட்ட அந்த அறக்கட்டளை, இதய நோய்களையும் குருதிக் குழாய் நோய்களையும் பற்றிய மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கிறது. இதய நாடியில் உறையும் குருதிக் கட்டியே மாரடைப்பை ஏற்படுத்துகிறது என்பதை 1970களில் உறுதிப்படுத்திய பேராசிரியர் மைக்கேல் டேவிஸின் ஆய்வும் அதன் நிதியால் நடந்ததே. கட்டியைக் கரைக்கும் மருந்துகள் வழக்கத்துக்கு வர அந்த ஆய்வு துணை நின்றது என்பதை, நன்கொடை கேட்கப் போகிறவர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பிரித்தானியாவில் வாழும் தெற்காசியர்களுக்கு இதய நாடி நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம். இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்போ இரண்டு முதல் நான்கு மடங்கு. ஹரோ, டூட்டிங், ஈஸ்ட்ஹாம், குறொய்டன் என்று நம்மவர்கள் நெருங்கி வாழும் இடங்களில், நாற்பதுகளிலேயே, இதய நாடியைத் திறந்து வைக்கும் 'ஸ்டென்ட்' என்ற சிறு குழாயை வைத்த ஒருவரை அறியாத குடும்பம் குறைவு. ஆகவே இந்த ஓட்டத்தில் சேரும் தமிழர் ஒருவர் பிறருக்காகப் பணம் சேர்ப்பவர் மட்டுமல்லர். அந்தப் பணத்தின் பயன் தேவைப்படக்கூடிய உடல் அவருடையதும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெயர் கொடுக்கிறோம் என்று எண்ணாமல், மூன்று மாதப் பயிற்சியையே சவாலாகவும், அந்த மூன்று மாதங்களையே நன்கொடை கேட்கும் காலமாகவும் கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்பவை அனைத்தும் அந்த அடிப்படையில் அமைந்தவை.

பெயர் பதிவதற்கு முன்

முதலில் உடலைப் பரிசோதியுங்கள். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையிலானவர்களில், ஏற்கெனவே இதய நோய், நீரிழிவு போன்றவை இல்லாதவர்களுக்கு, தேசிய சுகாதார சேவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இலவசப் பரிசோதனை வழங்குகிறது. குருதி அழுத்தம், கொலஸ்திரோல், உடல் நிறை ஆகியவற்றை அதில் பார்ப்பார்கள். கடிதம் வந்தும் போகாமல் விட்டிருந்தால் இப்போது போவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. உடல் நிறைச் சுட்டெண்ணைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பொதுவாக 25க்கு மேல் என்று சொல்லப்படும் அபாய எல்லை, தெற்காசியர்களுக்கு 23இலேயே தொடங்குகிறது.

இதய நோய்க்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் 54 மைல் என்ற தூரத்தையும், வழியில் உள்ள ஏற்றத்தையும் வெளிப்படையாகச் சொல்லி ஆலோசனை பெற வேண்டும். பீட்டா புளொக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களின் இதயத் துடிப்பு உழைப்புக்கு ஏற்ப உயராது என்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல் மூச்சைக் கொண்டே உழைப்பை அளக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் நீண்ட ஓட்டத்தில் சீனி சடுதியாக இறங்கக்கூடும். மருந்தின் அளவையும் உணவு நேரத்தையும் மாற்றுவது வைத்தியரோ நீரிழிவுத் தாதியோ சொல்லிச் செய்ய வேண்டிய வேலை.

வைத்தியர் வேண்டாம் என்றால், அல்லது சைக்கிள் உங்களுக்குச் சரிவராது என்றால், நடையைத் தேர்ந்தெடுங்கள். மரதன் தூரமான 26.2 மைலை ஒரு மாதத்துக்குள் சிறிது சிறிதாக நடந்து முடித்து நிதி சேர்ப்பதும் மதிப்புள்ள சவாலே. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டுக் காருக்குள் காத்திருக்கும் பெற்றோர், அந்த நேரத்தில் அருகிலுள்ள பூங்காவைச் சுற்றி நடந்தாலே மாதக் கணக்கு எளிதில் நிறைந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் பத்துக் குடும்பங்களிடம் நன்கொடை கேட்க முடியும் என்பதால், தனி ஒருவரின் சைக்கிள் ஓட்டத்தைவிட அது கூடுதலாகவே சேர்க்கக்கூடும்.

பன்னிரண்டு கிழமைகள்

மார்ச் மாத நடுப்பகுதியில் தொடங்கினால் போதுமான காலம் இருக்கும். தொடக்கத்தில் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் எட்டுப் பத்து மைல் ஓடுங்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அதன் பின்னர் வார இறுதியில் வரும் நீண்ட ஓட்டத்தை மட்டும் கிழமைக்குக் கிழமை சற்றே கூட்டிக்கொண்டு போய், சவாலுக்கு இரண்டு கிழமைகளுக்கு முன் ஏறத்தாழ 40 மைலை ஒரு முறை முடித்துவிட வேண்டும். கடைசி இரண்டு கிழமைகளில் தூரத்தைக் குறைத்துக் கால்களுக்கு ஓய்வு கொடுங்கள். பயந்துபோய்க் கடைசிக் கிழமையில் அளவுக்கு மீறி ஓடுபவர்கள், களைத்த கால்களோடுதான் கிளாப்பத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

தூரத்தைவிட ஏற்றமே பலரைச் சோதிக்கிறது. டேர்னர்ஸ் ஹில் போன்ற மேடுகள் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்ட பிறகு, 45 மைலுக்கு மேல் ஓடியாகிவிட்ட நேரத்தில், டிச்லிங் பீக்கன் வருகிறது. 248 மீற்றர் உயரமுள்ள அந்தக் குன்றின் உச்சிக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ ஒரு மைல் நீளம். இரு பக்கமும் மரங்கள் அடர்ந்த, ஒடுங்கிய, வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் பெருந்தொகையானோர் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஓடியே ஏற விரும்புபவர்கள் வீட்டுக்கு அருகிலேயே பழகலாம். வடமேற்கு இலண்டனில் இருப்பவர்களுக்கு ஹரோ ஒன் த ஹில் இருக்கிறது. தென்மேற்கில் இருப்பவர்களுக்கு ரிச்மண்ட் பூங்காவின் ஏழு மைல் சுற்று இருக்கிறது. ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தவர்கள் டோர்கிங் அருகே உள்ள பொக்ஸ் ஹில்லுக்குப் போய் வரலாம். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இலகுவாக்கிக்கொண்டு, இருக்கையை விட்டு எழாமல், முன்னால் போகிறவரைத் துரத்தாமல் ஏறப் பழகுங்கள்.

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. தடித்த சக்கரமுள்ள பழைய மலைச் சைக்கிளில் வருபவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். பிரேக், சங்கிலி, டயர் ஆகியவற்றை ஒரு கடையில் காட்டிச் சரிபார்த்து, மாற்றுக் குழாய் ஒன்றையும் சிறு பம்பையும் எடுத்துச் செல்லுங்கள். தலைக்கவசத்தைத் தவிர்க்காதீர்கள். பீக்கனைக் கடந்து இறங்கும்போது உடம்பு களைத்திருக்கும், சைக்கிளோ மிக வேகமாகப் போகும். பிரேக் நன்றாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மணிக்கு பத்து மைல் வேகத்தில் போகும் ஒருவருக்கு, ஓய்வு நேரத்தைச் சேர்க்காமலே ஐந்தரை மணித்தியாலம் ஆகும். அவ்வளவு நேரத்துக்கும் காலை உணவு மட்டும் போதாது. முதல் நாள் இரவு சோறோ இடியப்பமோ, உங்கள் வயிறு அறிந்த உணவையே சாப்பிடுங்கள். வழியில் தாகம் வரும் வரை காத்திராமல் அடிக்கடி சில மிடறு தண்ணீரும், ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ எடுங்கள். புதிதாக எந்தப் பானத்தையும் அன்றைய தினத்தில் முதன்முறையாகக் குடித்துப் பார்க்க வேண்டாம்.

பயிற்சியிலோ ஓட்டத்திலோ நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோ, காரணமில்லாத வியர்வை, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று 999ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு நோ இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். 'இத்தனை பேர் காசு தந்துவிட்டார்கள், பாதியில் விட்டால் என்ன நினைப்பார்கள்' என்ற எண்ணத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். இதய நலனுக்காகப் பணம் தந்தவர்கள் எவரும் உங்கள் இதயத்தைப் பணயம் வைக்கச் சொல்லித் தரவில்லை.

பணம் கேட்பது

நம் சமூகம் கொடுக்கத் தயங்கும் சமூகம் அன்று. கோயில் திருவிழாவுக்கும், ஊர்ப் பாடசாலைக் கட்டடத்துக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும் ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்களிடம்தான் நீங்களும் கேட்கப் போகிறீர்கள். அதனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வெறும் இணைப்பை மட்டும் போட்டால் அது திருமண வாழ்த்துகளுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவில் மறைந்துபோகும். குழுவில் போடுவதற்கு முன், உங்களுக்கு நெருக்கமான ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகப் பேசி, உங்கள் இணைய நன்கொடைப் பக்கத்தில் முதல் நன்கொடைகளைப் பதியச் சொல்லுங்கள். முதலில் பார்ப்பவர் 50 பவுணைக் கண்டால் ஐந்து பவுணோடு நிறுத்தத் தயங்குவார். ஐந்தைக் கண்டால் அவரும் ஐந்தே தருவார்.

செய்தியை இப்படி எழுதலாம்: 'அன்பின் மாமா, மாமி, யூன் மாதம் இலண்டனிலிருந்து பிரைட்டன் வரை 54 மைல் சைக்கிள் ஓடுகிறேன். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகும் சம்பவங்கள் இந்த நாட்டில் ஆண்டுக்கு 30,000க்கு மேல் நடக்கின்றன. பத்தில் ஒருவர்கூடப் பிழைப்பதில்லை. இதை மாற்றும் ஆய்வுக்கே உங்கள் பணம் போகும். நேற்று 25 மைல் ஓடி முடித்தேன். உங்களால் இயன்றதைத் தாருங்கள்.' உங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றை எழுத விரும்பினால், அது யாருடைய நோயோ அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். நோயை மறைத்து வாழும் பழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையதன்று. பிறகு, ஒவ்வொரு நீண்ட ஓட்டம் முடிந்த மாலையிலும் ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்புங்கள். கேட்டதையே திரும்பக் கேட்காமல், என்ன நடந்தது என்று சொன்னாலே, கொடுக்க மறந்தவர்களுக்கு நினைவு வரும்.

நன்கொடைப் பக்கத்தை ஜஸ்ட் கிவிங் போன்ற தளத்தில் அமைக்கலாம். அத்தகைய தளங்கள் பணம் செலுத்தும் இடத்தில், தளத்துக்கென்று ஒரு விருப்பத் தொகையையும் கேட்கும்; விரும்பாவிட்டால் அதைப் பூச்சியமாக மாற்றலாம் என்பதை வயதானவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் 20 பவுண் கொடுக்க வந்தவர் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்று மனம் நொந்துபோவார். அறக்கட்டளையின் பெயரில் போலிகள் நடமாடுவதால், பதிவு எண் 225971 என்பதையும் பக்கத்தில் குறிப்பிடுங்கள்.

கிஃப்ட் எய்ட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்களிடம் அதிகம் வீணாகும் பணம் இதுதான். பிரித்தானியாவில் வரி செலுத்தும் ஒருவர் 10 பவுண் கொடுத்து, நன்கொடைப் பக்கத்தில் உள்ள கிஃப்ட் எய்ட் பெட்டியில் அடையாளம் இட்டால், அரசு மேலும் 2 பவுண் 50 பென்ஸை அறக்கட்டளைக்குக் கொடுக்கும். கொடுத்தவருக்கு எந்தச் செலவும் இல்லை. ஆனால் அவர் அந்த வரி ஆண்டில் குறைந்தது அந்த மேலதிகத் தொகை அளவுக்காவது வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ கட்டியிருக்க வேண்டும். வரி கட்டாத ஓய்வூதியர்களையும், கனடாவில் இருக்கும் சித்தப்பாவையும் அடையாளமிடச் சொல்லாதீர்கள். கொண்டாட்ட மண்டபத்தில் பலரிடம் காசாக வாங்கி, மொத்தத்தையும் உங்கள் அட்டையால் செலுத்தி, உங்கள் பெயரில் கிஃப்ட் எய்ட் கேட்பதும் விதிக்கு முரணானது. காசாகத் தருபவர்களுக்கு அறக்கட்டளையின் நன்கொடைப் படிவத்தைக் கொடுங்கள். முழுப் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, தொகை, அடையாளம் ஆகியவற்றை அவரவரே நிரப்பினால்தான் அந்த மேலதிகப் பணம் கிடைக்கும். அந்தப் படிவங்களில் மற்றவர்களின் முகவரிகள் இருப்பதால் கண்டபடி விட்டுவைக்காதீர்கள். படம் எடுத்துக் குழுவிலும் போடாதீர்கள்.

றோல்ஸும் வடையும் விற்றுச் சேர்க்கும் பணத்துக்கும், அதிர்ஷ்டச் சீட்டுப் பணத்துக்கும் கிஃப்ட் எய்ட் கிடையாது. ஆனாலும் அவை நல்ல வழிகள்தான். கோயில் மண்டபத்தில் விற்பதற்கு அறங்காவலர் சபையின் அனுமதியும், வீதியில் உண்டியல் ஏந்துவதற்கு உரிய அதிகாரியின் உரிமமும் வேண்டும். நாட்கணக்கில் விற்கும் அதிர்ஷ்டச் சீட்டுக்குத் தனி விதிகள் உண்டு என்பதால் உள்ளூராட்சி மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டியல் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட்டு வையுங்கள். வேலைத்தளத்தையும் மறக்க வேண்டாம்: ஊழியர் சேர்த்த தொகைக்கு ஈடாகத் தாமும் கொடுக்கும் நிறுவனங்கள் இங்கு பல இருக்கின்றன, ஆனால் கேட்டவர்களுக்கே கொடுக்கின்றன.

பதிவுக் கட்டணத்தை உங்கள் சொந்தப் பணத்தில் கட்டுங்கள். திரட்டிய தொகையிலிருந்து பயணச் செலவுக்கு ஒரு பவுண்கூட எடுக்கவில்லை என்று சொல்ல முடிவது, அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கும்போது பெரும் பலமாக இருக்கும்.

அந்த நாளும் அதற்குப் பிறகும்

திரும்பி வரும் வழியை முன்பே ஒழுங்கு செய்யுங்கள். அன்றைய தினம் பிரைட்டனிலிருந்து வரும் ரயில்களில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். அறக்கட்டளை ஒழுங்கு செய்யும் பஸ்ஸிலும் சைக்கிள் ஏற்றும் லொறியிலும் இடம் பதிந்து வைப்பதோ, கார் வைத்திருக்கும் உறவினர் ஒருவரை வரச் சொல்வதோ உங்கள் பொறுப்பு.

ஓடி முடித்த கிழமையிலும் நன்கொடை வரும். உண்மையில் பலர் நீங்கள் முடிப்பீர்களா என்று பார்த்துவிட்டே தருகிறார்கள். ஆகவே கடற்கரையில் எடுத்த படத்தை அன்றிரவே இணைப்போடு அனுப்பி, பக்கத்தை மேலும் சில கிழமைகள் திறந்து வையுங்கள். தந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதி, மொத்தத் தொகையையும் தெரிவியுங்கள். கையில் உள்ள காசை வீட்டில் வைத்திருக்காமல் விரைவில் செலுத்தி, நிரப்பிய படிவங்களையும் அறக்கட்டளைக்கு அனுப்பிவிடுங்கள். படிவங்கள் போய்ச் சேராமல் கிஃப்ட் எய்ட் கேட்க அவர்களால் முடியாது.