'ஹோஜிச்' வந்தால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

போலிஷ் மொழி சொல்லிக்கொடுக்கும்போது 'ஹோஜிச்' என்றால் நடப்பது என்று மட்டும் எழுதிக்கொள்ள நான் யாரையும் விடுவதில்லை. கூடவே நிற்கும் சொல்லையும் எழுத வேண்டும்.

பள்ளிக்குத் தினமும் போவதென்றால் 'ஹோஜிச்'. இதோ, இப்போது போய்க்கொண்டிருக்கிறேன் என்றால் 'இஷ்ச்' என்ற வேறு வினை. 'ஸெகாரெக் ஹோஜி' என்றால் கைக்கடிகாரம் ஓடுகிறது. பெயருக்கு முன்னால் வரும் 'வ்' ('இல்') என்ற சிறு சொல்லோடு தொப்பியோ கோட்டோ வந்தால், அதைப் போட்டுக்கொண்டு திரிகிறார். 'ஸ்' ('உடன்') போட்டு ஒரு பெண்ணின் பெயர் வந்தால், சரி, காதல்தான்.

அதிகம் காதில் விழுவது 'ஓ ட்ஸோ ஹோஜி?' இதில் யாரும் நடக்கவில்லை, எழுவாயே கிடையாது. 'என்ன விஷயம்?' என்று அர்த்தம். குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் 'இப்போ என்னதான் பிரச்சினை?' ஆகிவிடும். பதிலும் அதே அச்சில்தான்: 'ஹோஜி ஓ பியெனியோன்ட்ஸெ', பணம்தான் விஷயம். எழுவாய் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்.