டிக்கர் டைமர் டேப்பை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்க மெட்ரிக் (பள்ளி இறுதி) தேர்வின் தகவல் தாளில் புவியீர்ப்பு முடுக்கம் 9,8 மீ/வி² என்று, தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியோடு அச்சிட்டிருக்கும். பள்ளி ஆய்வகத்து டிக்கர் டைமர் (நகரும் காகித டேப்பில் சம நேர இடைவெளியில் புள்ளி குத்தும் கருவி) இருந்தால் அதை நாமே அளந்துவிடலாம்.

டைமரை மேசை விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி கிளாம்பால் இறுக்குங்கள். ஒரு மீட்டர் நீளக் காகித டேப்பை கார்பன் வட்டுக்கு அடியில் நுழைத்து, நுனியில் 500 கிராம் எடைக்கல்லை ஒட்டுங்கள். 50 கிராம் போதாது; டேப்பின் உராய்வே அதை இழுத்துப் பிடித்துவிடும். கல் விழும் இடத்தில் மணல் பை வையுங்கள். டைமரை ஓடவிட்டு, அதன் பிறகே டேப்பை விடுங்கள்.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் புள்ளிக்குப் புள்ளி 0.02 வினாடி. தொடக்கத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் புள்ளிகளை விட்டுவிடுங்கள். தெளிவான ஒரு புள்ளியிலிருந்து ஐந்து ஐந்து இடைவெளியாகக் குறியுங்கள். ஒவ்வொரு துண்டும் 0.1 வினாடி. புள்ளிகளை அல்ல, இடைவெளிகளை எண்ண வேண்டும்: ஐந்து இடைவெளிக்கு ஆறு புள்ளி.

துண்டுகளின் நீளம் 12.4, 22.0, 31.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.1 வினாடியால் வகுத்தால் சராசரி திசைவேகம் 1.24, 2.20, 3.15 மீ/வி.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். மூன்று துண்டு இருக்கிறதே என்று 0.3 வினாடியால் வகுத்துவிடுவார்கள். சீரான முடுக்கத்தில் சராசரி திசைவேகம் என்பது அந்தத் துண்டின் நடு நேரத்துத் திசைவேகம். முதல் துண்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை 0.2 வினாடிதான்.

(3.15 − 1.24) ÷ 0.2 = 9.55 மீ/வி², கீழ்நோக்கி.

திசையை எழுத மறக்காதீர்கள். 9.8-ஐ விட 2.6 சதவீதம் குறைவு. இந்தக் கருவிக்கு நல்ல விடைதான். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே என்று காரணம் சொல்லாதீர்கள். கடலோர டர்பனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 0.01 கூட இல்லை.

விடை 6-ஐ ஒட்டி வந்தால் 0.3-ஆல் வகுத்திருப்பீர்கள், அல்லது ஐந்து புள்ளியை ஐந்து இடைவெளி என்று எண்ணியிருப்பீர்கள். 9.8-ஐத் தாண்டினால் உராய்வின் மேல் பழி போட முடியாது, உராய்வு விடையைக் குறைக்கத்தான் செய்யும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் ஜெனரேட்டரில் ஓட்டினீர்களா என்று பாருங்கள். அது 49 ஹெர்ட்ஸுக்கு இறங்கினாலே விடை 4 சதவீதம் ஏறிவிடும்.