டஸ்கனி மலையூரில் ஓர் இரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, டஸ்கனியில ஒரு ராத்திரி தங்கணும், எந்த ஊரு?" இத்தாலியின் அந்த வட்டாரத்தில் மொன்டெபுல்சியானோ என்பேன். ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் மதில் சூழ்ந்த ஊர். வீடுகளுக்கு அடியிலேயே பழைய ஒயின் நிலவறைகள். ஊர் யாரையும் ஏமாற்றியதில்லை. போகிறவர்கள்தான், முன்னே போனவர்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள்.

காரை மதிலுக்குள் ஓட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் இது நடக்கிறது, எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. இத்தாலியப் பழைய ஊர்களின் நடுப்பகுதி பெரும்பாலும் வாகனக் கட்டுப்பாட்டு வட்டாரம். அங்கே 'ஸெட்-டி-எல்' என்பார்கள். சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை இருக்கும், பக்கத்தில் கேமரா. நம்மவர்கள் அதை ஈஆர்பி, அதாவது நம்மூர் மின்னியல் சாலைக் கட்டணம், மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். போனால் கொஞ்சம் காசு பிடிப்பார்கள், அவ்வளவுதானே? இல்லை, உள்ளே போகவே கூடாது. அபராதம் 80 யூரோவைத் தாண்டும்.

ஈசூனில் இருக்கும் நண்பர் குடும்பம், போன் காட்டிய வழியிலேயே மேலே ஏறியது. யாரும் தடுக்கவில்லை. சில மாதம் கழித்து, வாடகைக் கார் நிறுவனம் கடன்அட்டையில் ஒரு தொகையைப் பிடித்தது. சரி, அபராதம் முடிந்தது என்று நிம்மதியானார்கள். அது, ஓட்டியவர் விவரத்தைப் போலிசுக்குக் கொடுத்ததற்கான கட்டணம் மட்டும்தான். அபராதக் கடிதம் அப்புறம் வந்தது. வெளிநாட்டில் வசிப்பவர்க்கு அதை அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 விழுக்காடு குறையும். அஞ்சல் பெட்டியை வாரம் ஒருமுறை திறக்கும் வீட்டில் அந்தச் சலுகையும் போய்விடும்.

காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஏறுங்கள். தங்குமிடம் உள்ளே இருந்தால், கார் எண்ணைப் பதிவுசெய்து தர முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கார் கைக்கு வந்ததும் எண்ணை அனுப்புங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகே நுழையுங்கள். போனில் "பரவாயில்லை, வாங்க" என்று சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

சக்கரப் பெட்டி

வேண்டாம். கல் பாவிய ஏற்றம்.

3ஏ உரிமம்

நம்மூர் 3ஏ உரிமம் ஆட்டோ கார் ஓட்ட மட்டும்தான். அங்கே வாடகைக்குக் கிடைப்பதில் கையால் கியர் மாற்றும் கார்கள் இன்னும் நிறைய. ஆட்டோ வேண்டும் என்று முதலிலேயே பதிவுசெய்யுங்கள். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைச் சிங்கப்பூரிலேயே வாங்கிவிடுங்கள்.

ஒயின் சுவைத்துவிட்டு ஓட்டுவது

இங்கே சிங்கப்பூரில் ஓட்டுநருக்குச் சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. இத்தாலியில் 50தான். உரிமம் எடுத்து 3 ஆண்டு ஆகாதவர் துளியும் தொடக்கூடாது. ஒரு திராட்சைத் தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டே குடிப்பதற்கா இரவு தங்குகிறோம்? நிலவறைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, நடந்தே போகலாம். கார் காலைவரை அசையவேண்டாம்.

நாலு மணிப் பசி

மதியம் இரண்டரை வாக்கில் மூடும் சமையலறைகள் பல, இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். நம் காப்பிக்கடை பழக்கத்தில் போனால் பட்டினிதான். சைவர்கள் பீச்சி அல்லாலியோனே கேளுங்கள்: கையால் உருட்டிய தடித்த பாஸ்தா, தக்காளி, பூண்டு. சில இடங்களில் மேலே சீஸ் தூவலாம். வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புட்டிக் கணக்கு

48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெரியவர், தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் ஒயின், வேறு மது எதுவும் இல்லையென்றால். 750 மில்லிலிட்டர் புட்டி இரண்டு. மூன்றாவது இருந்தால் சாங்கி விமான நிலையத்தில் சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லி, தீர்வையும் ஜிஎஸ்டியும் கட்டுங்கள்.