கூட்டாளிக்கு முதலிடமா? தேடுபொறி நடுநிலையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தேடுபொறி நிறுவனமும் ஒரு செய்தி நிறுவனமும் கைகோத்தன என்று தகவல் வந்தால் போதும், "இனி எதைத் தேடினாலும் அவர்கள்தான் மேலே வருவார்கள்" என்று பேச்சு கிளம்பிவிடும். நிறுவனத் தரப்பின் பதிலும் மாறாத ஒன்று: "கூட்டாளி என்பதற்காகத் தரவரிசையில் யாருக்கும் சலுகை கிடையாது." இந்தப் பதில் உண்மையாகவே இருக்கலாம், அப்படியும் நடுநிலை கெட்டிருக்கலாம். இந்த ஒப்பந்தங்களில் பொதுவாகக் கைமாறுவது தரவை எடுக்கும் வழி, முடிவுப் பக்கத்தில் ஒரு தனிப் பெட்டி, போனில் டீஃபால்ட் இடம் (நாம் மாற்றாத வரை தானாக வரும் தேடுபொறியாக இருப்பது) போன்றவை. தரவரிசையை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் இவை கண்ணில் படாது.

எந்தப் பணம், யாரிடமிருந்து யாருக்கு?

எல்லாப் பணத்தையும் ஒரே கணக்கில் எழுதுவது மிகப் பரவலான தவறு. காசு கொடுத்து முடிவுகளில் இடம் வாங்குவது ஒரு வகை. 1998-இல் தொடங்கிய கோடூ என்ற தேடுதளம் இதை ஒளிவுமறைவில்லாமல் செய்தது. ஒரு கிளிக்குக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் மேலே வருவார். அவர் தரும் தொகையும் பக்கத்திலேயே தெரியும். அந்த நிறுவனம் ஓவர்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டு 2003-இல் யாகூவிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தேடுபொறிகளுக்குக் கடிதம் எழுதி, காசுக்கு வந்த முடிவுகளைத் தனியாகத் தெரியும்படி காட்டச் சொல்லியிருந்தது.

உள்ளடக்க உரிமத்தில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. தருவது தேடுபொறி, வாங்குவது உள்ளடக்க நிறுவனம். 2020-இல் கூகுள், பத்திரிகைகளின் செய்திகளைக் காசு கொடுத்து வாங்கிக் காட்டும் தன் நியூஸ் ஷோகேஸ் திட்டத்துக்கு மூன்றாண்டுகளில் 100 கோடி டாலர் என்று அறிவித்தபோது, "பத்திரிகைகள் காசு கொடுத்து மேலே வருகின்றன" என்று சொன்னவர்கள் திசையையே மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். டீஃபால்ட் இடத்துக்கான பணம் இன்னொன்று. சஃபாரி பிரவுசரில் டீஃபால்ட்டாக இருப்பதற்கு 2022-இல் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. இதில் எந்தத் தளத்தின் தரவரிசையும் மாறவில்லை. போட்டித் தேடுபொறிக்கு ஆள் வருவதுதான் குறைந்தது.

சொல்லப்போனால், விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் எழுதியவர்கள் செர்ஜி பிரின், லாரி பேஜ். கூகுளின் நிறுவனர்களேதான்.

எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்வது

தரவரிசை என்றாலே ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் வைப்பதுதான். "என் தளம் இறங்கிவிட்டது, ஆகவே நடுநிலை இல்லை" என்ற வாதம் அதனால்தான் நிற்பதில்லை. 2002-இல் சர்ச் கிங் என்ற நிறுவனம் கூகுள் மீது இப்படி ஒரு வழக்கோடு அமெரிக்காவின் ஓக்லஹோமா நீதிமன்றத்துக்குப் போனது. தரவரிசை என்பது கூகுளின் கருத்து, அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி 2003-இல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

கேட்க வேண்டியது வேறு: ஊருக்கு ஒரு விதி, தனக்கும் தன் கூட்டாளிக்கும் ஒரு விதியா? 2012 தொடக்கத்தில் கூகுளின் குரோம் பிரவுசரைப் புகழ்ந்து காசு வாங்கிக்கொண்டு எழுதிய பதிவுகள் வெளியே தெரிந்ததும், குரோம் பக்கத்தைக் கூகுளே தன் முடிவுகளில் கீழே இறக்கியது. நல்ல உதாரணம்தான். ஆனால் ஒரு உதாரணத்தை வைத்து நற்சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது, அடுத்த கதையைப் பார்த்தால் புரியும்.

நீல இணைப்புகளை (சாதாரணத் தேடல் முடிவுகளை) மட்டும் எண்ணுவது

2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது. கூகுள் தன் விலை ஒப்பீட்டுச் சேவையைப் படங்களோடு ஒரு பெட்டியில் வைத்து, பக்கத்தின் மேலேயே காட்டியது. சாதாரணத் தரவரிசை விதிகள் அந்தப் பெட்டிக்குப் பொருந்தவில்லை. போட்டி ஒப்பீட்டுத் தளங்களுக்கோ அந்த விதிகள் முழுசாகப் பொருந்தின. அவற்றில் நன்றாக இடம்பிடித்த தளமே சராசரியாக நான்காவது பக்கத்தில்தான் தலைகாட்டியது.

நான்காவது பக்கத்துக்கு யார் போகிறார்கள்? ஆணையம் சொன்ன கணக்கு இது: கம்ப்யூட்டரில் தேடுபவர்களின் கிளிக்குகளில் சுமார் 95 சதவீதம் முதல் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. முதல் முடிவுக்கு மட்டும் ஏறக்குறைய 35 சதவீதம். இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்கு ஒரு சதவீதம். முதலிடத்தில் இருந்ததை மூன்றாமிடத்துக்கு நகர்த்தினாலே கிளிக்குகள் பாதியாகிவிடும். ஆக, மேலே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தால் போதும், கீழே உள்ள வரிசையை யாரும் தொடாமலேயே வரிசை மாறிய பலன் வந்துவிடுகிறது. 2018-இல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது விமானப் பயணத்துக்கான பெட்டியும் அதில் அடக்கம்.

இது சொந்தச் சேவைக்கான பெட்டி. கூட்டாளியின் உள்ளடக்கம் வரும் பெட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. பாடல் வரிகளைத் தேடினால் முழுப் பாடலும் முடிவுப் பக்கத்திலேயே வந்துவிடும். தன் தளத்தில் இருந்த வரிகள் அங்கே போவதாகச் சந்தேகப்பட்ட ஜீனியஸ் என்ற பாடல் வரித் தளம், வரிகளில் வரும் அபாஸ்ட்ரஃபி குறிகளில் (ஆங்கிலச் சொற்களில் வரும் ஒற்றை மேற்குறி) சிலவற்றை நேராகவும் சிலவற்றை வளைவாகவும் வைத்தது. புள்ளியும் கோடுமாக எழுத்தைக் குறிக்கும் மோர்ஸ் குறியீடாக வாசித்தால் 'ரெட் ஹேண்டட்' என்று வரும். கையும் களவுமாக என்று சொல்வோமே, அது. அதே குறிகள் கூகுள் பெட்டியிலும் இருந்தன என்பது ஜீனியஸின் புகார். வரிகள் உரிமம் பெற்ற கூட்டாளியிடமிருந்து வந்தவை என்றது கூகுள். வரிகளின் பதிப்புரிமை பாடலாசிரியர்களுக்கும் வெளியீட்டாளர்களுக்கும் உரியது, ஜீனியஸுக்கு இல்லை. அதனால் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் 2022-இல் அது தோற்றது. "உரிமம் இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உரிமம் உரிமையாளரோடு கணக்கைத் தீர்க்கிறது. உட்கார்ந்து தட்டச்சு செய்தவருக்கு வந்துகொண்டிருந்த வாசகர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

குற்றவாளி எப்போதும் தேடுபொறிதான் என்று முடிவுகட்டுவது

2024 பிப்ரவரியில், பயனர்கள் பதிவிட்டு விவாதிக்கும் தளமான ரெடிட்டும் கூகுளும் உள்ளடக்க ஒப்பந்தம் செய்தன. ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அதே ஆண்டு நடுப்பகுதியில் ரெடிட் தன் ரோபாட்ஸ் கோப்பை (யார் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் கோப்பு) மாற்றி, உடன்பாடு இல்லாத கிராலர்களுக்கு, அதாவது தளங்களைத் தானாகப் படித்து எடுக்கும் நிரல்களுக்கு, கதவைச் சாத்தியது. பிங் உள்ளிட்ட மற்ற தேடுபொறிகளில் ரெடிட்டின் புதிய பதிவுகள் வராமல் போயின. கூகுள் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது ரெடிட். அப்படியே இருக்கட்டும். தேடுபவர் பார்ப்பது என்ன? ஒரு தேடுபொறியில் கிடைப்பது மற்றொன்றில் இல்லை. அந்தப் பதிவுகள் உள்ளேயே வராத இடத்தில் தரவரிசை நேர்மையாக இருந்து என்ன பயன்?

தேடுபொறிக்கும் இது உதைத்திருக்கிறது. ட்விட்டரோடு 2009-இல் செய்த ஒப்பந்தம் 2011-இல் காலாவதியானபோது, புதிய பதிவுகளை அப்போதைக்கப்போதே காட்டிய தன் நிகழ்நேரத் தேடல் வசதியையே கூகுள் நிறுத்த வேண்டி வந்தது.

உள்ளடக்க நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

ஒப்பந்தம் போட்டால் தரவரிசை ஏறும் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது ஒன்று. ஒப்பந்தத்தில் எழுதாத எதுவும் கிடைக்காது, தரவரிசையை யாரும் எழுதித் தரவும் மாட்டார்கள்.

தன் பலத்தைக் கூட்டி மதிப்பிடுவது இன்னொன்று. 2014-இல் ஜெர்மனியின் ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பதிப்பு நிறுவனம் தன் செய்திகளின் முன்னோட்ட வரிகளைக் காசில்லாமல் காட்டக் கூடாது என்றது. கூகுள் அவற்றை எடுத்துவிட்டுத் தலைப்பை மட்டும் காட்டியது. இரண்டே வாரத்தில் தேடலிலிருந்து வரும் வாசகர்கள் சுமார் 40 சதவீதம் குறைய, நிறுவனம் இறங்கி வந்தது.

எல்லா அனுமதியையும் ஒரே வரியில் கொடுத்துவிடுவதுதான் இன்று அதிகம் வலிக்கும் தவறு. தேடலில் பட்டியலிட, பெட்டியில் காட்ட, ஏஐ மாடலுக்குப் பயிற்சி தர என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். 2024 மார்ச்சில் பிரான்ஸின் போட்டி ஆணையம் கூகுளுக்கு 25 கோடி யூரோ அபராதம் விதித்ததில், பதிப்பாளர்களிடம் சொல்லாமல் அவர்களின் உள்ளடக்கத்தைத் தன் ஏஐ சேவையான பார்டின் மாடலுக்குப் பயன்படுத்தியதும் ஒரு காரணம். கூகுளின் ஏஐ பயிற்சிக்கு மட்டும் மறுப்புச் சொல்லும் வழி 2023 செப்டம்பரில்தான் வந்தது.

அப்புறம், தளத்தின் ஒரு மூலையைக் கூப்பன் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவது. 2024-இல் கூகுள் இதை விதிமீறல் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த விதி செய்தித் தளங்களுக்கு நியாயமானதா என்று ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் விசாரணை தொடங்கியது தனிக்கதை.

ஒரு முறை தேடிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது

சொந்த போனில், சொந்தக் கணக்கில், ஒரே ஒரு சொல்லைத் தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது எதற்கும் ஆதாரமாகாது. இருக்கும் இடம், பழைய தேடல்கள், மொழி எல்லாம் முடிவை மாற்றும். கணக்கிலிருந்து வெளியேறி, கூட்டாளியின் பெயர் வராத சொற்களாகப் பல எடுத்து, ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும் தேடி, தேதியோடு குறித்து வையுங்கள். அதே சொற்களை வேறு இரண்டு தேடுபொறிகளிலும் போடுங்கள். எல்லாவற்றிலும் அந்தத் தளம் மேலே இருந்தால், பெரும்பாலும் அது நல்ல தளம் என்றுதான் பொருள். ஒன்றில் மட்டும் மேலே இருந்தால், சலுகை என்று எழுதுமுன் அந்தத் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். தளத்தின் முகவரிக்குப் பின்னால் /robots.txt என்று தட்டினால் யாருக்கும் திறக்கும். மற்ற தேடுபொறிகளுக்கு அங்கேயே தடை போட்டிருக்கலாம்.