மணல்மேட்டில் அடம்பு நடுவது

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையோர ஊரான மணற்காட்டில், மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் என் கண் கடற்கரை மணலில் படரும் அடம்பங்கொடியைத்தான் தேடும். மணலைப் பிடித்து வைப்பது அதுவும் இராவணன் மீசை என்ற கூரிய புல்லும்தான்.

நடுவதற்கு முன் நாகதாளியை அகற்றுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி அது. அதைக் கொத்திச் சிதறவிடாதீர்கள். விழும் மடல் ஒவ்வொன்றும் வேர்விடும். நான் முதல் தடவை மண்வெட்டியால் கொத்தினேன், அடுத்த மாரிக்குள் ஒரு பற்றை பத்தாகிவிட்டது. இப்போது நீண்ட இடுக்கியால் மடல்களைப் பிடித்துச் சாக்கில் போட்டு, வேரையும் தோண்டி எடுத்து, கரையிலிருந்து அப்புறப்படுத்துகிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் அடம்பு நடலாம். தழைத்த கொடியில் இரண்டு முழத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரே கொடியை மொட்டையடிக்க வேண்டாம். மூன்று நான்கு கணுக்களை ஒரு சாண் ஆழத்தில், ஈரமணலில் கிடையாகப் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். கணுக்களில்தான் வேர் வரும். ஆடுகள் மிதிக்காமல் பனைமட்டையால் அடைப்புக் கட்டுங்கள்.

சவுக்கின் கீழ் நடாதீர்கள். உதிர்ந்த சருகு மெத்தைபோல் கிடக்கும், வெயிலும் விழாது. ஆனால் சவுக்கை வெட்டவும் கூடாது: அயலில் உள்ள வீடுகளுக்குக் காற்றை மறிப்பது அதுதான்.