வீட்டுக்கும் மலைக்கும் ஒரு நல்ல டார்ச்: பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாங்கள் பட்டுக்கோட்டை அருகே ஊரில் இருந்தோம். கரண்ட் முந்தின இரவே போய்விட்டது. அலமாரியின் மேல் பெரிய ரீசார்ஜ் டார்ச் ஒன்று இருந்தது. எடுத்து அழுத்தினால் மங்கலாக ஒரு மினுக்கு, அப்புறம் ஒன்றுமில்லை. எட்டு மாதமாக யாரும் சார்ஜ் போடவில்லை. உள்ளே இருந்தது ஈய அமில பேட்டரி. தீர்ந்த நிலையில் அதைப் போட்டுவைத்தால் தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு சார்ஜே ஏறாது. அன்றிரவு முழுக்க எங்களைக் காப்பாற்றியது அப்பத்தாவின் பழைய இரண்டு கட்டை டார்ச்தான். ஊருக்குக் கரண்ட் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த மூன்று வாரத்தில்தான் டார்ச் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

டார்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லூமன்?" என்று. லூமன் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். முதல் கேள்வி, "ஆறு மாதம் கழித்து இருட்டில் எடுத்தால் எரியுமா?" என்பதுதான்.

படி 1: எங்கே பயன்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

வீட்டுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று பிரித்துவிடுவது நல்லது. ஒரே டார்ச் இரண்டுக்கும் ஓரளவு சரிப்படும். ஆனால் வெள்ளியங்கிரி மாதிரி இரவில் ஏறுகிற மலைக்குத் தலையில் மாட்டும் விளக்குதான் வேண்டும். ஒரு கையில் மூங்கில் தடி, இன்னொரு கையால் பாறையைப் பிடிக்க வேண்டும். டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

படி 2: பேட்டரி

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு டார்ச்சுக்கு என் முதல் தேர்வு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ செல்லில் ஓடுவது. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கரண்ட் இல்லாத மூன்றாம் நாள் சார்ஜ் போட வழியில்லாதபோது இதன் அருமை தெரியும். ஆனால் சாதாரண செல்லை உள்ளே போட்டு வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். தானாகச் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு வாங்கிவிடுங்கள். எனேலூப் என்ற பிராண்டு இந்த வகைதான். நான் வேறு எதற்கும் மாறவில்லை. இவை சாதாரண செல்லைவிடக் குறைவாக 1.2 வோல்ட்தான் என்று பயப்பட வேண்டாம், நல்ல டார்ச்சுகள் அதற்கும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டவை.

மலைக்கும் தோட்டத்துக்கும் 18650 லித்தியம் அயான் செல். பெயரே அளவைச் சொல்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அடுத்த அளவான 21700 கொஞ்சம் பெரியது, கூடுதல் நேரம் ஓடும்.

18650 வாங்கும்போது நான் செய்த முதல் தவறு, நீளம் பார்க்காதது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமலும் இறங்காமலும் தடுக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல்லின் நீளம் 65 மில்லிமீட்டரில் நிற்காது, 69, 70 வரை போகும். என் டார்ச்சில் அது நுழையவில்லை. பலமாக மூடியைத் திருகினேன், ஸ்பிரிங் சாய்ந்துவிட்டது. இரண்டாவது தடவை பாதுகாப்பு இல்லாத செல் வாங்கினேன். அது உள்ளே போனது, ஆனால் எரியவில்லை. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. செல்லின் பிளஸ் முனை தட்டையாக இருந்தது. பேட்டரியைத் தலைகீழாகப் போட்டால் சர்க்யூட் எரியாமல் இருக்க, சில டார்ச்சுகளில் முனையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். மொட்டு மாதிரி மேடான முனை இருந்தால்தான் அந்த வளையத்தைத் தாண்டித் தொடும். ஆகவே செல் வாங்குமுன் டார்ச்சின் குறிப்பேட்டில் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை மில்லிமீட்டர் வரை நுழையும், முனை மேடா தட்டையா, பாதுகாப்பு உள்ளதா இல்லாததா. குறிப்பேடு புரியவில்லை என்றால் செல்லோடு சேர்த்தே விற்கிற டார்ச்சை வாங்கிவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது.

போலி செல் நிறைய உலவுகிறது. இந்த அளவில் நல்ல செல்லின் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத்தான். 9900 என்று அச்சடித்திருந்தால் தொடவே வேண்டாம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், உண்மையான 18650 ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் இருக்கும். முப்பது கிராம் காட்டினால் அது போலி. இன்னொன்று, தனி செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம். சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும்.

படி 3: லூமனை எடை போடுங்கள்

பழைய 40 வாட் குண்டு பல்பு சுமார் 450 லூமன் தரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது. தூங்குகிறவர்களை எழுப்பாமல் கழிவறைக்குப் போக 1 முதல் 5 லூமன் போதும். பாதையில் நடக்க 100. தோட்டத்தில் சுற்றிப் பார்க்க 300. அதற்கு மேல் தேவைப்படும் நேரங்கள் குறைவு.

விளம்பர எண்ணைச் சோதிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 3500 மில்லி ஆம்பியர் மணி செல்லில் இருக்கும் சக்தி சுமார் 12 வாட் மணி. எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கையிருப்பு 1200 லூமன் மணி. 100 லூமனில் 12 மணி நேரம், 1000 லூமனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே செல்லில் 50,000 லூமன் என்று யாராவது போட்டிருந்தால், அதற்கு 500 வாட் வேண்டும். அந்தச் செல்லால் அது முடியாது. கடைக்காரரிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை, அடுத்த டார்ச்சைப் பாருங்கள்.

டார்ச்சுகளை ஒரே முறையில் அளக்க வகுத்த ஆன்சி எஃப்எல் 1 என்ற அளவுகோலைக் குறிப்பிடும் கம்பெனிகளை நான் நம்புகிறேன். ஆனால் அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எரியும் நேரம் என்று அவர்கள் போடுவது, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். சின்ன டார்ச் 1000 லூமனில் சில நிமிடங்களிலேயே சூடாகி, தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் நேரத்துக்கு எதிராக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று வரைபடம் இருந்தால் அதைப் பாருங்கள்.

படி 4: தூரமா, பரவலா?

வயலின் மறுகோடி தெரிய வேண்டும் என்றால் குவிந்த ஒளி. வீட்டுக்குள்ளும் கூடாரத்திலும் பரவலான ஒளி. "200 மீட்டர்" என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் பௌர்ணமி நிலவளவு வெளிச்சம்தான் விழும். முகம் அடையாளம் தெரிய அதில் பாதித் தூரத்தைக் கணக்கில் வையுங்கள்.

வீட்டு டார்ச்சின் அடிப்பகுதி தட்டையாக இருக்கட்டும். மேஜைமேல் நிமிர்த்தி வைத்தால் வெள்ளைக் கூரையில் பட்டு அறை முழுக்க வெளிச்சம் இறங்கும். கஜா சமயத்தில் சமையல் எல்லாம் இப்படித்தான் நடந்தது. ஓட்டு வீடாக இருந்தால் கூரை வெளிச்சத்தைத் திருப்பாது. அப்போது ஒரு வெள்ளைத் துணியைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் படும்படி டார்ச்சை வையுங்கள்.

நிறமும் முக்கியம். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. பளிச்சென்று தெரியும், ஆனால் மண் நிறங்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். சருகின் மேல் கிடக்கும் பாம்பைப் பிரித்துக் காட்ட 4000 கெல்வின் பக்கம், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ளது எவ்வளவோ மேல். கொஞ்சம் லூமன் குறையும், குறையட்டும். கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் வாங்கித் தருகிறேன்.

கொழுக்குமலையில் கூடாரம் போட்டபோது கற்றது ஒன்று: பனிமூட்டத்தில் தலைவிளக்கு கண்ணுக்கு நேரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் ஒளி பனித்துளியில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. விளக்கைத் தலையிலிருந்து கழற்றி இடுப்பளவில் பிடியுங்கள், பாதை தெரியும்.

படி 5: தண்ணீர்

பெட்டியில் ஐபிஎக்ஸ் என்று போட்டிருப்பது தண்ணீர் தாங்கும் அளவு. ஐபிஎக்ஸ் 4 என்றால் சாரல் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். ஐப்பசி மழைக்கு 7 வாங்குங்கள்.

படி 6: பட்டன்

ஒரு பட்டன், அழுத்தினால் எரிய வேண்டும், மறுபடி அழுத்தினால் அணைய வேண்டும். வீட்டில் உள்ள வயதானவர் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் போடச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால்தான் அது வீட்டு டார்ச். சோஃபிர்ன் எஸ்சி31 ப்ரோ எனக்குப் பிடித்த டார்ச், ஆனால் அதில் அழுத்தும் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொன்று நடக்கும். அம்மா கையில் அதைக் கொடுக்க மாட்டேன். அவருக்கு ஒற்றை ஏஏ செல்லில் ஓடும் எளிய டார்ச்தான்.

வாங்கிய அன்றே

முழுதாகச் சார்ஜ் போட்டு, நடுத்தர வெளிச்சத்தில் எரியவிட்டு, எத்தனை மணி நேரம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியது இது. அப்புறம் மூடியைக் கால் சுற்றுத் திருகித் தளர்த்திப் பாருங்கள். பெரும்பாலான உலோக டார்ச்சுகளில் இப்படிச் செய்தால் மின்தொடர்பு அறுந்துவிடும். மின்னணு பட்டன் உள்ளவை அணைந்திருக்கும்போதும் துளித்துளியாகப் பேட்டரியைக் குடிக்கும். பயன்படுத்தாதபோது தளர்த்தி வைத்தால் அது நிற்கும், பைக்குள் தானாக எரிந்து சூடாவதும் நிற்கும். என் வீட்டில் எல்லா டார்ச்சும் தளர்த்தித்தான் இருக்கும், வீட்டார் அனைவருக்கும் இறுக்கத் தெரியும்.

பின்சேர்க்கை 1: யூஎஸ்பி சி துளை உள்ள டார்ச் புதிய போன் சார்ஜரில் ஏறவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டார்ச் கெடவில்லை. இரண்டு முனையும் சி ஆக உள்ள கேபிளில், எதிரே ஒரு கருவி இருப்பதைச் சின்ன மின்தடை ஒன்று தெரிவித்தால்தான் சார்ஜர் மின்சாரம் தரும். விலை குறைந்த டார்ச்சுகளில் அந்த மின்தடையை வைப்பதில்லை. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி ஆக உள்ள கேபிளில் போடுங்கள், ஏறும். அந்தக் கேபிளை டார்ச்சோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியே வையுங்கள்.

பின்சேர்க்கை 2: மூடி இறுகுகிறது, என்ன தடவலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சிலிகோன் கிரீஸ் மட்டும், அரிசி மணியளவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொடைக்கானல் குளிரில் உறைந்து மூடி திறக்காது. வாஸ்லின் சில வகை ரப்பர் வளையங்களை உப்ப வைத்துவிடும்.

வைக்கும் இடம்

கதவருகே ஒரு ஆணி, அதில் டார்ச். வேறெங்கும் மாற்றக் கூடாது. இருட்டில் ஒளிரும் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் விட வேண்டாம், லித்தியம் செல் வெப்பத்தில் சீக்கிரம் கெடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எரியவிட்டுப் பார்த்துச் சார்ஜ் போடுங்கள். நாங்கள் புரட்டாசி கடைசியில், மழை பிடிக்குமுன், ஒரு இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொருவராக அந்த ஆணிக்கு நடந்துபோய் டார்ச்சை எடுத்து, மூடியை இறுக்கி, எரியவைக்கிறோம். போன வருடம் பத்து வயது மகள்தான் முதலில் எரியவைத்தாள்.