சான் ஹுவான் எல் மோரோ கோட்டை: முதல் தடவை போறவங்க எப்படி சுத்திப் பாக்கணும்

டிசம்பர்ல அம்மாவைக் கூட்டிட்டு கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோ போயிட்டு வந்ததுலேர்ந்து கோட்டைக்கு எப்படிப் போகணும்னு நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸ் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸ்அப்ல டைப் பண்றதுக்கு இங்கயே ஒரே தடவையா எழுதிடறேன். ஃப்ளைட், ஹோட்டல் எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, அதுக்குள்ள நான் போகல.

அதோட தலைநகரமான சான் ஹுவான்ல, பழைய ஊர்ப் பகுதியில, ஸ்பெயின்காரங்க கட்டின கோட்டை ஒண்ணு இல்ல, ரெண்டு. கடல் முனையில இருக்கறது எல் மோரோ, ஊருக்குக் கிழக்க இருக்கறது சான் கிறிஸ்டோபல். ரெண்டுக்கும் நடுவுல ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். நிறைய பேர் எல் மோரோல நாலு ஃபோட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க, அது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு, ஏன்னா ரெண்டாவதைப் பாக்காம முதல் கோட்டையே முழுசா புரியாது. ஏன்னு கீழ சொல்றேன்.

ஸ்டெப் 1: நாளும் நேரமும்

க்ரூஸ் கப்பல் எந்தெந்த நாள் துறைமுகத்துக்கு வருதுன்னு முன்னாடியே நெட்ல பாத்துக்கோங்க. மூணு நாலு கப்பல் சேர்ந்து நிக்கற நாள்ல கோட்டை வாசல்ல திருவிழாக் கூட்டம்தான். நாங்க போனப்போ காலைல 9:30க்குத் திறந்து சாயங்காலம் 4:30க்கு மூடினாங்க. டிக்கெட் 16 வயசும் அதுக்கு மேலயும் இருந்தா ஆளுக்கு 10 டாலர், அந்த ஒரே டிக்கெட்ல 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டு கோட்டையும் பாத்துடலாம், அதனால ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கேஷ் வாங்கறதில்ல, கார்டு தான். நேரமும் கட்டணமும் மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி நேஷனல் பார்க் சர்வீஸ் (கோட்டைகளைப் பாத்துக்கற அமெரிக்க அரசுத் துறை) சைட்ல ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

ஸ்டெப் 2: என்ன எடுத்துட்டுப் போகணும்

தண்ணி, சன்ஸ்க்ரீன், பிடிமானம் உள்ள ஷூ. குடை வேண்டாம், அந்தக் கடல் காத்துல ஒரு நிமிஷம் நிக்காது, அம்மாவோட குடை கம்பியெல்லாம் பின்னாடி மடங்கிப் போச்சு. சாதா கேப்பும் பறந்துடும், தாடைக்குக் கீழ கட்டற மாதிரி கயிறு வச்ச தொப்பிதான் என் சாய்ஸ். ட்ரோன் எடுத்துட்டுப் போகாதீங்க, பார்க் எல்லைக்குள்ள தடை.

ஸ்டெப் 3: சரியான பாதையில போறது (இதை மட்டும் நிதானமா படிங்க)

நாங்க ஏமாந்தது இங்கதான். மேப்ல பாத்தா எல் மோரோவுக்கு ரெண்டு வழி இருக்கற மாதிரி தெரியும். ஒண்ணு மேல, நார்ஸகரை தெரு வழியா பெரிய புல்வெளிக்கு வர்றது. இன்னொண்ணு கீழ, சிவப்பு கலர்ல இருக்கற சான் ஹுவான் வாசல்ல ஆரம்பிச்சு மதிலை ஒட்டியே கடலோரமா போற பாசியோ டெல் மோரோங்கற நடைபாதை. அந்தக் கீழ் வழி பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் வானத்தை மறைக்கற மதில், வழியெல்லாம் பூனைங்க, முடிவுல கோட்டைக்கு ஏற படி இருக்கும்னு நினைச்சு நடந்துட்டே போனோம். படியும் கிடையாது, வாசலும் கிடையாது. கோட்டைக்கு நேர் கீழ போய் பாதை முடிஞ்சுடுது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பதினோரு மணி வெயில்ல, முட்டி வலியோட இருக்கற அம்மா ஒரு கல்லுல உக்காந்துட்டாங்க, அன்னிக்கு பாதி நாள் அதுலயே போச்சு.

அதனால டாக்ஸிக்காரர்கிட்ட எல் மோரோ புல்வெளிகிட்ட, மேல இறக்கி விடச் சொல்லுங்க. அங்கேர்ந்து கோட்டை வாசல் நேரா தெரியும். ஆனா பக்கம்னு நினைச்சுடாதீங்க, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் திறந்த வெளி, ஒரு மரம்கூட குறுக்க இல்ல. அந்த வெட்டவெளியும் கோட்டையோட ஆயுதம்தான். தரை வழியா வர்ற எதிரி ஒளிஞ்சுக்க இடமே இருக்கக் கூடாதுன்னு அப்படி விட்டிருக்காங்க. வெயில்ல அதுல நடந்து போகும்போது, மேல இருக்கற பீரங்கி வாயெல்லாம் நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும்போது, அது உடம்புக்கே புரியும்.

ஸ்டெப் 4: எல் மோரோவுக்குள்ள

மொத்தம் ஆறு தளம், கடல்லேர்ந்து சுமார் 140 அடி உயரம். 1539ல ஒரு சின்ன கோபுரமா ஆரம்பிச்சு, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு 250 வருஷம் கட்டியிருக்காங்க. மேல்தளத்துல லைட்ஹவுஸ் பாத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க, சரிவா இறங்கற பெரிய படி வழியா சாண்டா பார்பரா பீரங்கித் தளத்துக்கு இறங்குங்க. முட்டி வலி இருக்கறவங்க மேல் தளத்தோட நிறுத்திக்கிட்டா போதும், அங்கேர்ந்தே துறைமுக வாய் முழுசா தெரியும்.

மூலையில கடலைப் பாத்து நிக்கற உருண்டைக் காவல் கூண்டுக்குப் பேர் கரீட்டா. ஒண்ணுக்குள்ள போய் ரெண்டு நிமிஷம் நில்லுங்க. ஒரு ஆள் நிக்கற அளவுதான் இடம், கை வச்சா சுவர்ல உப்பும் மணலும் ஒட்டும், மெல்லிசா கீறி விட்ட மாதிரி இருக்கற ஜன்னல்ல கண்ணை வச்சா கடல் ஒரு கோடா தெரியும். ராத்திரி பூரா இதுக்குள்ள ஒரு சிப்பாய் தனியா நின்னிருப்பான்னு நினைச்சா மனசு என்னவோ பண்ணுது.

1595ல இங்கிலாந்துக்காரர் ஃப்ரான்சிஸ் ட்ரேக் கப்பல் படையோட வந்தப்போ இந்தப் பக்கத்து பீரங்கிங்கதான் அடிச்சு விரட்டுச்சு. ஆனா மூணே வருஷத்துல, 1598ல, இன்னொரு இங்கிலாந்துக்காரர், கம்பர்லண்ட் பிரபு, கோட்டையோட கடல் பக்கமே வராம கிழக்க ஆளுங்களை இறக்கி தரை வழியா வந்து கோட்டையைப் புடிச்சுட்டார். அவர் படையில வயித்துக் கடுப்பு பரவி ஆளுங்க செத்ததாலதான் விட்டுட்டுப் போனாங்க. 1625ல டச்சுக்காரங்களும் ஊருக்குள்ள புகுந்து தரைப் பக்கத்துலேர்ந்து முற்றுகை போட்டாங்க, கோட்டையைப் புடிக்க முடியாம ஊரைக் கொளுத்திட்டுப் போனாங்க. கடலுக்கு அவ்ளோ பலமா கட்டின கோட்டைக்கு முதுகுப் பக்கம் பலவீனம். அந்த முதுகைக் காக்கக் கட்டினதுதான் சான் கிறிஸ்டோபல், அதனாலதான் இந்த வரிசையில பாக்கச் சொல்றேன்.

ஸ்டெப் 5: சான் கிறிஸ்டோபல்

நார்ஸகரை தெருவுலயே கிழக்க நடந்தா போதும், இடது கைப் பக்கம் கடல் கூடவே வரும். மத்தியானத்துக்கு இதை வச்சுக்கோங்க, சுரங்கப் பாதைக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். 27 ஏக்கர், அமெரிக்கக் கண்டத்துல ஸ்பெயின்காரங்க கட்டினதுலயே இதுதான் பெருசு. ஒரு சுவரை எதிரி தாண்டினா அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு அதைவிட உயரமா நிக்கும். அதையும் புடிச்சுட்டா காலடியிலயே வெடிக்க, வெடிமருந்து வைக்கற சுரங்கம் வேற. 1797ல இங்கிலாந்து படை மறுபடி தரை வழியா வந்துச்சு, ஊருக்கு வெளியில இருந்த அரணையே தாண்ட முடியாம திரும்பிடுச்சு.

இருட்டுச் சிறை ஒண்ணு இருக்கு, அதோட சுவர்ல யாரோ ஒரு கைதி வரைஞ்ச கப்பல் படங்கள் இன்னும் அழியாம இருக்கு. பாய், கயிறு எல்லாம் ஒண்ணு விடாம வரைஞ்சிருக்கார், கப்பல்லயே வாழ்ந்த ஆளாத்தான் இருக்கணும். நான் அதிக நேரம் நின்ன இடம் அதுதான்.

சாயங்காலம் தெம்பு இருந்தா மறுபடி எல் மோரோ புல்வெளிக்கு வாங்க, ஊர்க்காரங்க குடும்பமா பட்டம் விட்டுட்டு இருப்பாங்க, அங்க பட்டத்துக்கு சிரிங்கான்னு பேர். ஐஸைத் துருவி மேல சிரப் ஊத்தித் தர்ற பிராகுவா வண்டி இருந்தா புளி ஃப்ளேவர் கேளுங்க, அம்மா ரெண்டு வாங்கினாங்க.

அப்டேட்: விசா பத்தி கேட்டிருந்தீங்க. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவைச் சேர்ந்ததுதான், மெயின்லேண்ட்லேர்ந்து போனா அது உள்நாட்டு ஃப்ளைட், தனி விசா வேண்டாம். ஆனா பாஸ்போர்ட்டும் விசா பேப்பரும் கையில இருக்கட்டும். திரும்பி வரும்போது செக்-இன்னுக்கு முன்னாடி விவசாயத்துறை ஆளுங்க பெட்டியை ஸ்கேன் பண்ணுவாங்க, அங்க ஒரு வரிசை இருக்கு, சந்தையில வாங்கின மாம்பழத்தை ரூம்லயே சாப்பிட்டு முடிச்சுடுங்க.

இன்னொரு அப்டேட்: அப்போ பாசியோ பக்கமே போக வேண்டாமான்னு ஒருத்தர் கேட்டார். கண்டிப்பா போங்க, ஆனா கோட்டைக்குப் போற வழியா இல்ல, வேற ஒரு நாள் வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம் தனியா ஒரு நடையா போங்க. போகவும் வரவும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வச்சுக்கோங்க, தண்ணியைக் கிளம்பற இடத்துலயே வாங்கிடுங்க.